ஃபவுல் பண்ணக்கூட பக்கத்துல ஆள் இல்ல: பிரேசில் 1, ஜெர்மனி 7

2014 ஜூலை 9, புதன்கிழமை, விடியக்காலை 4 மணி. கோலாலம்பூர் செந்தூல்ல நாங்க வழக்கமா உக்கார்ற மாமாக் கடைல, அதான் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைல, கால் வைக்க எடமில்ல. நோன்பு மாசம் வேற, சஹூர் சாப்பிட வந்த மலாய்க்கார கூட்டம் ஒரு பக்கம், கால்பந்து உலகக் கிண்ண செமி ஃபைனல் பாக்க தூங்காம வந்த நம்ம கூட்டம் இன்னொரு பக்கம், நடுவுல ரொட்டி தட்டுறவருக்கு மூச்சு விட நேரமில்ல. எங்க மேசைக்கு பின்னாடி இருந்த ஒரு மலாய்க்கார அண்ணன் 0-1ல எழுந்து போயி சோறு, கறி எல்லாம் வரிசைல நின்னு வாங்கிட்டு திரும்பி வந்து ஸ்கோர் என்னன்னு கேட்டாரு. யாருக்கும் வாய் வரல, எங்க மேசைப் பெரியவர், அங்கள்னு கூப்புடுவோம், அவரு மட்டும் அஞ்சு வெரல காட்டினாரு. அந்த அண்ணன் பதறிப்போயி கைக்கடிகாரத்த பாத்தாரு, மணி அஞ்சாயிடுச்சுன்னு நெனச்சு. மணி அப்போ நாலரை கூட ஆகல.

அந்த ஆட்டத்த பத்தி இன்னிக்கு வரைக்கும் எங்க மேசைல சண்டை ஓயல. நெய்மார் இல்ல, அதான் தோத்தாங்கன்னு ஒரு கோஷ்டி, கேப்டன் தியாகோ சில்வா இருந்திருந்தா கதையே வேறன்னு ஒரு கோஷ்டி, தேசிய கீதத்துக்கே அழுவுறவன் எப்படிடா பந்து விளையாடுவான்னு இன்னொரு கோஷ்டி. நான் ஞாயித்துக்கிழமைல பாடாங்ல, அதான் ஊர்த் திடல்ல, பசங்களுக்கு பந்து சொல்லிக்குடுக்கிறவன், இந்த ஆட்டத்த முழுசா நாலஞ்சு தடவை உக்காந்து பாத்துட்டேன், என் கணக்கு வேற. பிரேசிலோட ஓட்டை அன்னிக்கு விழுந்தது இல்ல, அதுக்கு முன்னாடி அஞ்சு ஆட்டமா நடு திடல்ல இருந்துக்கிட்டே இருந்துச்சு, ஃபவுல் பண்ணி பண்ணி அத மூடி வச்சிருந்தாங்க, ஜெர்மனிக்கு எதிரா ஃபவுல் பண்றதுக்குக் கூட பக்கத்துல ஆள் இல்லாம போச்சு. அவ்வளவுதான் விஷயம், ஆனா இத வெளக்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

2013ல இருந்து ஆரம்பிக்கணும்

பிரேசில் கோச் ஸ்கோலாரி அந்த டீம கட்டினது 2013 கான்ஃபெடரேஷன்ஸ் கப்புல. ஃபைனல்ல ஸ்பெய்ன 3-0ன்னு அடிச்சாங்க, மரக்கானா திடல்ல, ஃப்ரெட் ரெண்டாவது நிமிஷத்துலயே முதல் கோல் போட்டாரு. வெடி கொளுத்துற மாதிரி ஆரம்பிக்கிறது, கூட்டம் கத்துற கத்துல எதிராளி நிமிர்றதுக்குள்ள ஒரு கோல் போட்டுட்டு அப்புறம் பின்னாடி வந்து கதவ சாத்துறது, இதுதான் அவங்க முறை. முதல் கோல் நாம போட்டா அருமையான முறை. எதிராளி போட்டுட்டா என்ன பண்ணுவோம்னு ஒரு பதில் அந்த டீம் கிட்ட நான் பாத்ததே இல்ல.

2014ல அந்த வெடியும் நமுத்துப் போச்சு. குரோஷியா 3-1, மெக்சிகோ 0-0, கேமரூன் 4-1, அதுல நெய்மார் மட்டும் நாலு கோல். நாக்அவுட் வந்தப்புறம் சிலிகிட்ட 1-1ல பெனால்டி வரைக்கும் போயி தப்பிச்சாங்க, கொலம்பியாவ 2-1ல முடிச்சாங்க. இப்ப அந்த ரெண்டு ஆட்டத்துல பிரேசில் போட்ட மூணு கோலயும் யாரு பேருல எழுதினாங்கன்னு பாருங்க: டேவிட் லூயிஸ், தியாகோ சில்வா, மறுபடியும் டேவிட் லூயிஸ். ரெண்டு பேருமே சென்டர் பேக், பின்வரிசை நடுவுல நின்னு தடுக்க வேண்டியவங்க! ரெண்டு கார்னர், ஒரு ஃப்ரீ கிக். நடு திடல்ல இருந்து கட்டி எழுப்பி போட்ட கோல் ஒன்னு கூட கெடையாது. பின்னாடி இருந்து டேவிட் லூயிஸ் நீளமா தூக்கி அடிப்பாரு, நடுவுல இருக்குறவங்க தலைக்கு மேல பந்து பறக்கும், முன்னாடி நெய்மார் ஏதாவது மாயம் பண்ணணும். கோழி இல்லாம கோழிக்குழம்பு வைக்கிற கத.

தடுக்குற விஷயத்துல என்ன பண்ணாங்க? ஃபவுல். கொலம்பியா ஆட்டத்துல மொத்தம் 54 ஃபவுல், பிரேசில் பங்கு 31. ஹாமெஸ் ரொட்ரிகெஸ் திரும்புறதுக்குள்ள ஒருத்தன் காலத் தட்டுவான், அடுத்த தடவை வேற ஒருத்தன். அத நான் குத்தமா சொல்லல, பந்து விளையாடினவங்களுக்கு தெரியும், எல்லா டீமும் பண்றதுதான். ஆனா ஒரு டீம் அத்தனை ஃபவுல் பண்ணுதுன்னா எதிராளி தாண்டிப் போயிட்டே இருக்கான்னு அர்த்தம். வீட்டுல கூரை ஒழுகும்போது வாளி வச்சு புடிக்கிற மாதிரி, தரை காஞ்சிருக்குன்னு பாத்துட்டு கூரை நல்லாருக்குன்னு சொல்ல முடியாது.

அந்த ஆட்டத்துலதான் நெய்மார் முதுகெலும்பு உடைஞ்சுச்சு, கொலம்பியாவோட சூனிகா முட்டி இடிச்சு. தியாகோ சில்வா கொலம்பியா கோல்கீப்பர் பந்த உதைக்க விடாம குறுக்க போயி அந்த உலகக் கிண்ணத்துல ரெண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி செமி ஃபைனல்ல விளையாட முடியாம போனாரு. பிரேசில் அப்பீல் போட்டுச்சு, ஃபீஃபா ஏத்துக்கல. அவ்வளவு பெரிய ஆளு அவ்வளவு சின்ன விஷயத்துக்கு வாங்கின அட்டை அது, இப்ப நெனச்சாலும் எரிச்சலா இருக்கு.

ஸ்கோலாரி எடுத்த முடிவு

நெய்மார் எடத்துல யாரு? இங்கதான் ஆட்டம் பாதி முடிஞ்சு போச்சுன்னு நான் சொல்லுவேன். பெஞ்சுல ராமிரெஸ் இருந்தாரு, பாவ்லினோ இருந்தாரு, வில்லியன் இருந்தாரு. ராமிரெஸோ பாவ்லினோவோ இறங்கியிருந்தா நடுவுல மூணாவது ஆள் கெடைச்சிருப்பான். ஸ்கோலாரி பெர்னார்ட இறக்கினாரு, சின்ன உருவம், ஓரமா ஓடுற வேகமான விங்கர், ஆட்டம் நடந்த பெலோ ஹோரிசோன்டே ஊர்ப் பையன். ஊர்க்காரங்க குஷியாவாங்க, ஆரம்பத்துலயே புயலா அடிக்கலாம், 2013 திரும்ப வரும்னு கணக்கு. கேப்டன் எடத்துல டான்டே, அந்த உலகக் கிண்ணத்துல அதுதான் அவருக்கு முதல் ஆட்டம். இவரு அப்போ ஜெர்மனியோட பயர்ன் மியூனிக் கிளப்புல விளையாடிக்கிட்டிருந்தவரு, எதிர்ல நின்ன நோயர், லாம், பொவாட்டெங், ஷ்வைன்ஸ்டைகர், க்ரூஸ், முல்லர் ஆறு பேரும் அந்தக் கிளப்புல இவரோட ஒன்னா இருந்தவங்க. இவருக்கு அவங்கள தெரிஞ்ச அளவுக்கு அவங்களுக்கும் இவர தெரியும்.

ஆக பிரேசில் 4-2-3-1. நடுவுல லூயிஸ் குஸ்தாவோவும் பெர்னாண்டினோவும், முன்னாடி ஹல்க், ஆஸ்கார், பெர்னார்ட், தலைல ஃப்ரெட். பேப்பர்ல 4-2-3-1, திடல்ல பாத்தா 4-2-4, ஏன்னா ஆஸ்காரும் மேல ஏறி நின்னாரு.

ஜெர்மனிக்காரன் நேர் எதிர் திசைல போனான். ஆரம்ப ஆட்டங்கள்ல லாம்ம நடுவுல போட்டு, பின்னாடி நாலு சென்டர் பேக் வச்சு விளையாடி அல்ஜீரியா கிட்ட எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் போயி 2-1ல மூச்சு வாங்கி வந்தாங்க. அதுக்கப்புறம் கோச் லோவ் ஃபிரான்ஸ் ஆட்டத்துல மாத்தினாரு: லாம் பழையபடி ரைட் பேக், அதாவது பின்வரிசைல வலது ஓரம், நடுவுல ஷ்வைன்ஸ்டைகர், கெடீரா, க்ரூஸ் மூணு பேரும் ஒன்னா, முன்னாடி க்ளோஸ. அதே டீம், ஒரு ஆள் மாத்தாம, பிரேசிலுக்கு எதிரா இறங்குச்சு. ரெண்டுக்கு மூணு. இந்தக் கணக்க மட்டும் மனசுல வச்சுக்கங்க.

கண்ணாடிக் கிளாஸ் கணக்கு

அங்கள் செந்தூல் ரயில்வே வொர்க்ஷாப்புல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, வாலிப வயசுல ரயில்வே குவார்ட்டர்ஸ் பசங்களோட நடு ஆட்டக்காரரா விளையாடினவரு. பாதி ஆட்டத்துல எல்லாரும் தலைல கை வச்சு உக்காந்திருக்கும்போது அவரு மேசைல இருந்த கிளாஸ் எல்லாத்தயும் இழுத்தாரு. தே தாரிக் கிளாஸ் ரெண்டு, குஸ்தாவோ, பெர்னாண்டினோ. மைலோ ஐஸ் கிளாஸ் மூணு, ஜெர்மன்காரன். குழம்புத் தட்டு பின்னாடி நாலு. "டேய் தம்பி, இங்க பாரு"ன்னாரு. "முன்னாடி இருக்குற நாலு பேரு மேல போயி அழுத்துறானுங்க, சரியா? பின்னாடி இருக்குறவன் க்ளோஸவ பாத்து பயந்து பின்னாடியே போறான். அப்ப இந்த ரெண்டு கிளாஸு எவ்வளவு எடத்த பாக்கணும்?" சொல்லிட்டு ரெண்டு கிளாஸுக்கும் நடுவுல உள்ளங்கைய விரிச்சு வச்சாரு. கை முழுசா அடங்குச்சு, இன்னும் எடம் இருந்துச்சு.

அதுதான் முழு ஆட்டமும். முன்வரிசை ஏறுது, பின்வரிசை எறங்குது, நடுவுல லாரி திருப்புற அளவுக்கு எடம். டீம் ஏறினா மொத்தமா ஏறணும், எறங்கினா மொத்தமா எறங்கணும். பத்து வயசு பசங்களுக்கு நாங்க சொல்லித் தர்ற முதல் பாடம், ஒருத்தர ஒருத்தர் கூப்புட்டா காது கேக்குற தூரத்துல நில்லுன்னு. ஆட்டம் நடந்த அந்த மினேய்ராவ் திடல்ல அன்னிக்கு பிரேசில்காரனுக்கு ஒருத்தன் கூப்பிட்டது ஒருத்தனுக்கு கேட்டிருக்காது, கூட்டத்தோட சத்தத்த சொல்லல, தூரத்த சொல்றேன்.

11வது நிமிஷம், க்ரூஸ் கார்னர், முல்லர் தனியா நிக்கிறாரு, சாவகாசமா காலால தட்டி உள்ள போட்டாரு. டேவிட் லூயிஸ்தான் அவர பாத்துக்கணும், கூட்டத்துல மாட்டி விட்டுட்டாரு. இந்த கோல பெருசா பேச வேண்டியதில்ல, எந்த டீமுக்கும் விழும். அதுக்கப்புறம்தான் விஷயம். ஒரு கோல் தானே, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு, கட்டி நிதானமா வரலாம். பிரேசில் என்ன பண்ணுச்சுன்னா இன்னும் வேகமா ஏறுச்சு. பின்வரிசைல இடது ஓரம் நிக்க வேண்டிய மார்செலோ எதிர் பாதியில நிக்கிறாரு, வலது ஓரத்து மைக்கோன் இந்தப் பக்கம் ஏறுறாரு, டேவிட் லூயிஸ் கேப்டன் பட்டைய கட்டிக்கிட்டு நானே போயி கோல் போட்டுட்டு வரேங்கிற மாதிரி முன்னாடி ஓடுறாரு. பொதுவா அவர புடிச்சு பின்னாடி நிறுத்துற ஆளு தியாகோ சில்வா, அவரு இல்ல. கேப்டன் கோஷ்டி சொல்றதுல இந்த அளவுக்கு உண்மை இருக்கு, ஒத்துக்கறேன்.

23வது நிமிஷம். க்ரூஸ் கொடுத்த பந்த பெர்னாண்டினோ வெட்டியிருக்கணும், தவற விட்டாரு, முல்லர் தட்டி க்ளோஸவுக்கு விட்டாரு, பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் முதல் அடிய தடுத்தாரு, திரும்பி வந்த பந்த க்ளோஸ உள்ள போட்டாரு. உலகக் கிண்ணத்துல அவருக்கு 16வது கோல், பிரேசில்காரர் ரொனால்டோவோட 15ஐ தாண்டிட்டாரு, அதுவும் பிரேசில் மண்ணுல. 24வது நிமிஷம், மார்செலோ பக்கம் லாம் ஏறி வந்து உள்ள அடிச்சாரு, முல்லர் காலுக்கு சிக்கல, பின்னாடி வந்த க்ரூஸ் இடது காலால ஒரே அடி. அந்த பாக்ஸ் விளிம்புல க்ரூஸ் பக்கத்துல ஒரு மஞ்சள் சட்டை இருக்கான்னு நிறுத்திப் பாருங்க, இல்ல.

நாலாவதுதான் எனக்கு ஆறாத கோல். மூணு விழுந்துடுச்சு, நடுவுல பந்த வச்சு திரும்ப ஆரம்பிக்கிறாங்க. பந்து பின்னாடி பெர்னாண்டினோ கிட்ட வருது, அவரு திரும்புறதுக்குள்ள க்ரூஸ் வந்து காலுல இருந்து புடுங்கிட்டாரு, கெடீராவோட ஒரு கொடுக்கல் வாங்கல், கோல். க்ரூஸோட ரெண்டு கோலுக்கும் நடுவுல 69 செகண்ட். அஞ்சாவது 29ல, ஹம்மல்ஸ் பின்னாடி இருந்து பந்த வெட்டி எடுத்துக்கிட்டு நேரா நடந்து வர்றாரு, ஒரு சென்டர் பேக் நடு திடல்ல யாரும் கேக்காம ஊர்வலம் வர்றாரு, கெடீராவுக்கு கொடுத்து, கெடீரா ஓசிலுக்கு, ஓசில் திரும்ப கெடீராவுக்கு, முடிஞ்சுது. நம்ம பாடாங்ல சட்டை போட்டவன் ஒரு டீம், சட்டை கழட்டினவன் ஒரு டீம்னு விளையாடும்போது கூட இப்படி விட மாட்டோம்.

இப்ப நான் முதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். கொலம்பியாவுக்கு எதிரா 31 ஃபவுல் பண்ண டீம் இது. ஜெர்மனிக்கு எதிரா பிரேசில் வாங்கினது ஒரே ஒரு மஞ்சள் அட்டை, டான்டேக்கு, 68வது நிமிஷத்துல. அஞ்சு கோல் விழுற வரைக்கும் ஒரு அட்டை கூட இல்ல! நல்ல பையனா மாறிட்டாங்கன்னு நெனைக்காதீங்க. காலத் தட்டணும்னா அந்தக் கால் எட்டுற தூரத்துல இருக்கணும். கொலம்பியா ஆட்டத்துல ஹாமெஸ் ஒருத்தர சுத்தித்தான் எல்லாம் நடந்துச்சு, அதனால அவர் மேல ஆள் போட முடிஞ்சுது. இங்க க்ரூஸ், கெடீரா, முல்லர், ஓசில்னு ஒவ்வொருத்தனும் எடம் மாறி மாறி வர்றான், ஒரு தொடுல பந்து போயிடுது, பெர்னாண்டினோ ஒருத்தன்கிட்ட ஓடுறதுக்குள்ள பந்து அடுத்தவன் கிட்ட.

வேற ஒரு கேள்வியும் இருக்கு, அத அங்கள்தான் கேட்டாரு. "ரெண்டு விழுந்ததும் ஒருத்தன் கீழ விழுந்து காலப் புடிச்சிக்கிட்டு உருள வேண்டியதுதானே? கோல்கீப்பர் சப்பாத்து கயிற கட்ட வேண்டியதுதானே?" சிரிப்பா இருந்தாலும் சரியான கேள்வி. ஆறு நிமிஷத்துல நாலு கோல் விழும்போது ஆட்டத்த நிறுத்தத் தெரிஞ்சவன் பதினோரு பேருல ஒருத்தன் இல்ல. பெஞ்சுல இருந்தும் ஒன்னும் வரல, ஸ்கோலாரி ஆள் மாத்தினது பாதி ஆட்டத்துலதான். பாவ்லினோ, ராமிரெஸ் ரெண்டு பேரும் அப்பதான் இறங்கினாங்க. நடுவுல ஆள் சேர்ந்ததும் பிரேசில் நல்லா விளையாட ஆரம்பிச்சுச்சு, ஜெர்மன் கோல்கீப்பர் நோயர் ரெண்டு மூணு நல்ல பந்த புடிச்சாரு. ஜெர்மனி அதுக்குள்ள வேகத்த கொறச்சிருந்துச்சு, எதிராளிய கேவலப்படுத்தக் கூடாதுன்னு பாதி ஆட்டத்துல பேசிக்கிட்டதா ஹம்மல்ஸ் பின்னால சொன்னாரு, அதனால அந்த ரெண்டாம் பாதிய ரொம்ப நம்பவும் கூடாது. ஷூர்லே இறங்கி 69லயும் 79லயும் ரெண்டு போட்டாரு, கடைசி நிமிஷத்துல ஆஸ்கார் ஒன்னு.

நம்பர எடுத்துப் பாத்தா வேடிக்கையா இருக்கும். பந்த வச்சிருந்த நேரம் பிரேசில் 52 சதவீதம். கோலுக்கு அடிச்சது பிரேசில் 18, ஜெர்மனி 14. ஸ்கோர மறைச்சு இத மட்டும் காட்டினா பிரேசில் ஜெயிச்சிருக்கும்னு சொல்லுவீங்க. இதுக்குத்தான் கூட்டல் கணக்க மட்டும் வச்சு ஆட்டத்த பேசாதீங்கன்னு பசங்க கிட்ட தலைபாடா அடிச்சுக்கறேன்.

சாக்கு எல்லாம் எங்க உடையுதுன்னா

அழுகை கோஷ்டிக்கு என் பதில்: டேவிட் லூயிஸும் ஜூலியோ சீசரும் நெய்மார் ஜெர்சிய தூக்கிப் புடிச்சு கீதம் பாடினது எனக்கும் புடிக்கல, ஏதோ கருமாதி மாதிரி இருந்துச்சு. பதட்டம் இருந்துச்சு, சரி. ஆனா பதட்டத்துல ஒருத்தன் பந்த தப்பா கொடுப்பான், நடு திடல்ல அவ்வளவு பெரிய வெளி விழாது. அது வரைபடத்துல இருந்த வெளி.

கேப்டன் கோஷ்டிக்கு பதில் நாலு நாள் கழிச்சு பிரேசிலே கொடுத்துடுச்சு. மூணாவது எடத்துக்கு நெதர்லாந்தோட ஆட்டம், தியாகோ சில்வா திரும்பி வந்துட்டாரு. மூணாவது நிமிஷமே ரொபென புடிச்சு இழுத்து பெனால்டி கொடுத்தது அவரேதான், ஆட்டம் 0-3. மொத்தம் அந்த உலகக் கிண்ணத்துல பிரேசில் வாங்கினது 14 கோல். அதோட ஸ்கோலாரி கதையும் முடிஞ்சுது.

நெய்மார் கோஷ்டி? அவரு இருந்திருந்தா பிரேசில் ஒன்னு ரெண்டு போட்டிருக்கலாம், 3-5, 2-4ன்னு வந்திருக்கும், அவரு பின்னாடி வந்து க்ரூஸ புடிச்சிருப்பாருன்னு யாராவது சொன்னா தே தாரிக் நான் வாங்கித் தர்றேன்.

இதெல்லாம் ஐரோப்பாக்காரன், பிரேசில்காரன் கதைன்னு நெனச்சா, 2024 ஜனவரில ஆசியக் கிண்ணத்துல நம்ம மலேசிய டீம் ஹரிமாவ் மலாயா ஜோர்டான் கிட்ட 0-4 வாங்கினத திரும்பப் பாருங்க. 12, 18, 32வது நிமிஷத்துல மூணு, கடைசில 85ல ஒன்னு. அங்கயும் ஆட்டம் சூடு புடிக்கிறதுக்குள்ள விழுந்துடுச்சு, விழுந்தப்புறம் ஆட்டத்த ஆற வைக்க ஆள் இல்ல. பத்து நாள் கழிச்சு அதே டீம் தென்கொரியாவோட 3-3, ஊரே தூங்கல. ஆளுங்க மோசம்னு முடிவு கட்டினவங்க அன்னிக்கு எங்க போனாங்கன்னு தெரியல.

பிரேசிலுக்கு திரும்பறேன், ஏன்னா என் வாதத்துக்கு சாட்சி அங்கதான் இருக்கு. 2016 நவம்பர், அர்ஜென்டினாவோட உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம், அதே மினேய்ராவ் திடல். நம்ம ஊர்ல வெள்ளிக்கிழமை காலை, ஆஃபீஸுக்கு போற நேரம், நான் லேட்டா வர்றேன்னு மெசேஜ் போட்டுட்டு அங்கள் கூட கடைல உக்காந்துட்டேன். பிரேசில் கோச் அப்போ டிட்டே. டீம் லிஸ்ட பாத்ததும் கடைல ஒருத்தர் "ஐயோ, மறுபடியும் பெர்னாண்டினோவா"ன்னு கத்தினாரு. வழக்கமா அந்த எடத்துல நிக்கிற காசெமிரோக்கு காயம், அதனால 1-7ல சின்னாபின்னமான அதே பெர்னாண்டினோ, அதே எடம், எதிர்ல மெஸ்ஸி. பாவ்லினோவும் இருந்தாரு, மார்செலோவும் இருந்தாரு.

ஆனா இந்தத் தடவை பெர்னாண்டினோ பின்வரிசைக்கு முன்னாடி ஒத்த ஆளா நிக்கிறாரு, அவருக்கு ஒரு பக்கம் பாவ்லினோ, ஒரு பக்கம் ரெனாட்டோ அகுஸ்டோ, நெய்மாரும் கொடின்யோவும் கூட பந்து போனதும் அதே கோட்டுக்கு எறங்கி வர்றாங்க. மெஸ்ஸி திரும்பினா ஒருத்தன், ஒதுங்கினா இன்னொருத்தன். கொடின்யோ, நெய்மார், பாவ்லினோ ஆளுக்கு ஒன்னு, 3-0.

அங்கள் அன்னிக்கு கிளாஸ தொடல. ரொட்டிய பிச்சு குழம்புல முக்கிக்கிட்டே திரைல பெர்னாண்டினோவ காட்டி, "பாத்தியாடா தம்பி, இப்ப இவன் அடிக்கிற தூரத்துல நிக்கிறான்"னாரு.